எங்கள் ஊரில் மட்டும் வராத கோடு

2013 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஏரியூரிலிருந்து பிரவுசிங் சென்டர் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, உன் படம் வரல. தலைப்பு வருது, கடைசியில உன் பேரு வருது. நடுவுல வெள்ளையா கெடக்குது."

நான் பெங்களூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதே பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். நீலக் கோடு இடது ஓரத்தில் தாழத் தொடங்கி வலப்பக்கம் ஏறிப் போயிருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. "இங்க நல்லா வருதுங்கண்ணா" என்றேன்.

"அங்க வந்து என்னப்பா பண்றது? தண்ணி இங்கதான வருது" என்றார்.

அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. ஏரியூரிலிருந்து நாகமரைக்குப் போனாலும் ஒட்டனூருக்குப் போனாலும் சாலை தண்ணீரில்தான் போய் முடியும். அதற்கப்புறம் பரிசல், படகு. அக்கரையில் பண்ணவாடியும் கோட்டையூரும் சேலம் மாவட்டம். நடுவே கிடப்பது காவிரி. 1925ல் வேலை தொடங்கி 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணை அதைத் தேக்கிக் கடலாக்கி வைத்திருக்கிறது. அணைச் சுவர் எங்கள் கண்ணுக்குத் தெரியாது, அது நிறுத்திவைத்த நீர் எங்கள் ஊர்களின் காலடியில் வந்து நிற்கும். அன்று மூழ்கிய ஊர்களிலிருந்து மேட்டுக்கு ஏறி வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

அணை வற்றினால் அந்த நிலம் திரும்ப வெளியே வரும். மழைக்காலம் முழுக்கப் படிந்த வண்டல். எரு கேட்காது. நீர் இறங்க இறங்க அதன் பின்னாலேயே ஏரோட்டிக்கொண்டு போவார்கள். கம்பு, சோளம், கடலை, எள் என்று யாருக்கு எது கைக்குக் கிடைக்கிறதோ அதை விதைப்பார்கள். பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தலை நீட்டிவிட்டால் அந்த வருஷம் உழுவதற்கு நிறைய இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் காடுகளுக்கு யாரும் சர்வே எண் சொல்லிக் கேட்டதில்லை. அடிதான் அடையாளம். "அவரு காடு எழுவதுல இருக்குது. நம்மளது எழுவத்தஞ்சு." அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. மேட்டூரில் அளவுகோல் 75 அடி காட்டுகிறது என்றால், இங்கே பெரியப்பா காட்டின் கீழ் வரப்பை நீர் தொட்டுவிட்டது என்று பொருள். நாளிதழில் தினமும் சிறு கட்டத்துக்குள் வருகிற 'மேட்டூர் நீர்மட்டம்' தஞ்சாவூர்க்காரருக்குப் பாசனச் செய்தி. எங்கள் பக்கத்தில் அது அறுவடைத் தேதி.

2012ல் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் அணை வற்றிப் போய், நான் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஆழம் வரைக்கும் உழவு நடந்தது. ஜூனில் மேற்கே மழை பிடித்துக்கொண்டது. கபினி, பிறகு கிருஷ்ணராஜ சாகர், பிறகு பிலிகுண்டுலு, ஒகேனக்கல். வெள்ளச் செய்தி வரும் வரிசை எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் ஒரு டிஎம்சி. ஒரு லட்சம் கன அடி வருகிற நாளில் எட்டரை டிஎம்சிக்கு மேல் சேர்ந்துவிடும். அணை அரைகுறையாகக் கிடக்கிற சமயத்தில் அப்படி வந்தால் ஒரே நாளில் ஐந்தாறு அடிக்குக் குறையாமல் ஏறும். இன்றைக்குக் காய்ந்து கிடக்கிற வரப்பு நாளை மறுநாள் ஆளை முழுக்கும் ஆழத்தில் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இணையப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் வேலை. பெரியப்பா ஒவ்வொரு நாளும் போன் போட்டு "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். நேற்றைய எண்ணையும் அதற்கு முந்தைய நாள் எண்ணையும் நினைவில் வைத்துக் கழித்துப் பார்ப்பார். இந்த எண்களைக் கோடாக வரைந்து காட்டினால் எல்லாருக்கும் பார்த்தவுடன் புரியுமே என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பக்கத்தை எழுதினேன். நீர்மட்டம் நீலக் கோடு. எழுபது, எழுபத்தைந்து, எண்பது அடிகளில் குறுக்கே சிவப்புக் கோடுகள். நீலம் எப்போது சிவப்பைத் தொடும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

வரைவதற்கு ஹைசார்ட்ஸ் என்ற நிரல் தொகுப்பை எடுத்துக்கொண்டேன். அது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நார்வேயில் வீக் என்ற சிற்றூர்க்காரர் டோர்ஸ்டைன் ஹோன்சி. அவர் குடும்பத்துக்கு உள்ளூர் மலையில் ஒரு குடில் உண்டு. அந்த மலையில் எவ்வளவு பனி கிடக்கிறது என்பதைத் தன் இணையப் பக்கத்தில் வரைந்து காட்ட எளிய கருவி ஒன்றைத் தேடினார். சரியானது கிடைக்காமல் தானே எழுதினார். 2009ல் வெளியே வந்தது. ஒரு மலையூர்க்காரர் தன் ஊர்ப் பனிக்காக எழுதியது என் ஊர்த் தண்ணீருக்கும் உதவும் என்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அப்போது பழைய பிரவுசர்களிலும் அது ஓடியது, இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பிலிருந்தே ஓடியது. புதிய பிரவுசர்களில் ஒரு வழியில் வரைந்தது, பழையவற்றில் அவற்றுக்குப் புரிகிற இன்னொரு வழியில் வரைந்தது. ஆகவே ஏரியூரைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த அண்ணனின் சென்டரில் இரண்டு கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். விண்டோஸ் எக்ஸ்பி, அதில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எட்டாம் பதிப்பு. எக்ஸ்பியில் அதற்கு மேல் ஏற்ற முடியாது. வேறு பிரவுசர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்டேன். "இருக்கிற மெமரிக்கு இதே மூச்சு வாங்குது. அப்ளிகேஷன் போடுற சைட்டெல்லாம் இதுலதான் தெறக்குது. உன் ஒரு படத்துக்காக நான் மாத்தணுமா?" அவர் கேட்டதில் தவறில்லை. என் பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுத்து எதிர் டீக்கடைச் சுவரில் ஒட்டுவது அவராக முன்வந்து ஏற்றுக்கொண்ட வேலை. அதற்குக் காசும் வாங்கவில்லை. நாகமரை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், மீன் கூடையோடு இறங்குகிறவர்கள், கம்பு அறுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தத் தாளைத்தான் பார்ப்பார்கள். உலகத்தில் எத்தனை பிரவுசர் இருந்தால் என்ன, ஏரியூருக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

முதலில் எல்லாரும் சொல்லுகிற காரணத்தைத் தேடினேன், காற்புள்ளி. தினமும் எண்ணைக் கையால் சேர்த்துவந்தேன். நாளைக்குச் சேர்க்க வசதியாக இருக்கட்டும் என்று கடைசி எண்ணுக்குப் பின்னாலும் ஒரு காற்புள்ளி வைத்திருந்தேன். மற்ற பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்ளாது. பழைய எக்ஸ்புளோரர் அந்தக் காற்புள்ளிக்குப் பிறகும் ஏதோ இருக்கிறது என்று நம்பி, வெறுமையை ஓர் எண்ணாக எண்ணிக்கொள்ளும். அந்தப் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வரைபடம் குழம்பும். காற்புள்ளியை எடுத்தேன். அண்ணனைக் கூப்பிட்டேன். "வெள்ளைதான் தம்பி."

எங்கள் ஆபீசில் சோதனைக்கென்றே எட்டாம் பதிப்போடு ஒரு பழைய கணினியை வைத்திருந்தார்கள். மதிய இடைவேளையில் அதில் உட்கார்ந்தேன். பிழை எங்கே என்று பார்க்க எஃப்12 விசையை அழுத்தி டெவலப்பர் பலகையைத் திறந்துகொண்டு, பிறகு பக்கத்தை ஏற்றினேன். கோடு வந்தது. திரும்ப ஏற்றினேன், வந்தது. மூன்று நாள், நாலு விதமாகப் பார்த்தேன். ஒரு தடவைகூட வெள்ளை வரவில்லை. போனில் அண்ணனைக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எழுத்துரு தெரிகிறதா, இணையம் வருகிறதா, வேறு படங்கள் வருகின்றனவா. பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் பதில் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தது. தவறான கேள்விகளைக் கேட்டது நான்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறி, தருமபுரி, பென்னாகரம் மாறி, விடிந்த பிறகு ஏரியூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே சென்டர். மின்வெட்டுக் காலம் அது. கரண்ட் எப்போது வரும் என்று டீக்கடைப் பெஞ்சில் காத்திருந்தோம். பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். சுவரில் கடைசியாக ஒட்டியிருந்த தாளில் தலைப்பும் என் பெயரும் மட்டும் இருந்தன. நடுவில் ஒன்றுமே இல்லாத கட்டம். அதைப் பார்த்த ஒருவர், "தண்ணி வரத்து இல்ல போலிருக்குது, ஒண்ணும் போடல பாரு" என்று சொல்லிக்கொண்டு போனார். எனக்குக் குளிர்ந்துவிட்டது. காகிதம் காலியாக இருந்தால் படம் வரவில்லை என்று நிரல் எழுதுகிறவனுக்குத் தெரியும். காட்டுக்காரர் அதைத் தண்ணீர் வரவில்லை என்று படித்துவிட்டார்.

கரண்ட் வந்தது. அண்ணன் பக்கத்தைத் திறந்தார். வெள்ளை. முதல்முறையாக என் கண்ணால் பார்த்தேன். வழக்கம்போல எஃப்12 அழுத்தினேன், பக்கத்தை மறுபடி ஏற்றினேன். நீலக் கோடு சட்டென்று எழுந்து நின்றது. பின்னால் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். "என்ன பண்ணின?" என்றார் அண்ணன். ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் விஷயம். பிரவுசரை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தேன். வெள்ளை. எஃப்12. கோடு.

நான் பார்த்தால் வருகிறது, பார்க்காவிட்டால் போய்விடுகிறது. ஆபீசில் மூன்று நாளும் அந்தப் பலகையைத் திறந்துவைத்துக்கொண்டே சோதித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அண்ணன் என்றைக்கு அந்தப் பலகையைத் திறந்தார்? ஊரில் யார் திறப்பார்கள்?

திரையின் கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம், உள்ளே ஆச்சரியக்குறி. "இது எப்போதிருந்துண்ணா?" என்றேன். "அதா? எல்லா சைட்லயும் அது எப்பவும் இருக்கும். யாரு அதப் பாக்கறா?" அதை இரண்டு தடவை சொடுக்கினேன். ஒரு வரி வந்தது. 'கன்சோல்' என்று ஒன்று இங்கே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. நான் ஒரு வாரமாகத் தேடியது அந்த ஒரு வரிதான்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் அங்கங்கே 'இந்த இடத்துக்கு வந்ததும் கையில் என்ன எண் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போ' என்று ஒரு வரி எழுதி வைப்போம். நிரல் அதைச் சொல்லும் இடத்துக்குக் கன்சோல் என்று பெயர். பக்கத்தைப் படிக்கிறவருக்கு அது தெரியாது. எழுதியவனுக்கு மட்டும் கேட்கிற பேச்சு. எட்டாம் பதிப்பில் டெவலப்பர் பலகையைத் திறந்தால்தான் கன்சோல் என்ற பொருளே உண்டாகும். அதுவரை அப்படி ஒன்று கிடையாது. இல்லாத ஒன்றிடம் பேசப் போன நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும். என் கெட்ட நேரம், அந்த வரி கோடு வரைகிற வரிக்கு நேர் மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எண்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்க எழுதியது, அழிக்க மறந்தது. எனக்காக நான் வைத்துக்கொண்ட வரி ஊருக்குப் படத்தை மறைத்துவிட்டது.

அதை அழித்தேன். கோடு வந்தது, எந்தப் பலகையும் திறக்காமல். பெரியப்பா எழுந்து வந்து திரையின் முன் குனிந்து சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நம்மளுது" என்றார் எழுபத்தைந்தைக் காட்டி.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஊருக்கு வந்த கையோடு இன்னொரு வசதியும் செய்தேன். எண்களைத் தனிக் கோப்பில் எடுத்து வைத்து, பக்கம் திறக்கும்போது அதைப் போய் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இனிப் பக்கத்தைத் தொடாமல் கைப்பேசியிலிருந்தே எண்ணைச் சேர்க்கலாம். திங்கள் காலை பெங்களூர் திரும்பினேன். தினமும் எண்ணைச் சேர்த்தேன். என் திரையில் கோடு ஏறியது. அண்ணனும் தினமும் பிரிண்ட் எடுத்து ஒட்டினார்.

வியாழக்கிழமை பெரியப்பா பேசினார். குரலில் கோபம் இல்லை. "உன் பேப்பர் மூணு நாளா ஒரே மாதிரி இருக்குது. என் குச்சி வேற சொல்லுது." அவருக்கு ஒரு முறை உண்டு. சாயங்காலம் நீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டுவிட்டு வருவார். காலையில் போய்க் குச்சி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று பார்ப்பார். தாள் எழுபதைத் தொடவில்லை என்றது. குச்சி எழுபதைத் தாண்டி முங்கியிருந்தது.

அந்த பிரவுசர், ஒரு முகவரியிலிருந்து நிரல் ஒரு தடவை வாங்கிய கோப்பைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி அதே முகவரியை நிரல் கேட்டால், மாறியிருக்கிறதா என்று வெளியே போய் விசாரிக்காமல், வைத்திருந்ததையே கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை வாங்கிய எண்களை வைத்தே மூன்று நாளும் கோடு வரைந்திருக்கிறது. இதைவிடக் கொடுமை, பிரிண்ட் எடுக்கும்போது தாளின் அடியில் அன்றைய தேதியைத் தானாகவே அச்சடித்துவிடும். பழைய கோடு, புதுத் தேதி. பார்க்கிறவர் எதை நம்புவார்?

எங்கள் காட்டுக்குக் கீழே எழுபதில் ஒரு அத்தையின் கம்பு நின்றது. அவர் குச்சி நடுகிறவர் இல்லை. டீக்கடைத் தாளைப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று ஆள் சொல்லாமல் இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமை முழங்கால் தண்ணீரில் நின்று கதிரை மட்டும் கிள்ளி எடுத்தார்கள். தட்டு போய்விட்டது, அந்த வருஷம் மாட்டுக்கு அதுதான் இருந்திருக்கும். அடுத்த வாரம் நான் போய் நின்றபோது, "நீ எங்கயோ இருக்கற பையன், உனக்கு எப்படித் தெரியும்" என்று மட்டும் சொல்லி மோர் கொடுத்தார். வெள்ளையாக நின்ற கட்டத்தை நினைத்து ஒரு வாரம் தூங்காமல் இருந்தவன் நான். அந்த வெள்ளை பொய் சொல்லவில்லை. திருத்திவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த கோடு பொய் சொன்னது.

திருத்துவது ஒரு நிமிஷ வேலை. கோப்பின் முகவரிக்கு வாலாக அந்த நொடியின் நேரத்தை ஒட்டிவிட்டால் போதும். ஒவ்வொரு தடவையும் முகவரி புதிது, பிரவுசர் வெளியே போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதோடு படத்துக்கு மேலே, நிரல் எதையும் நம்பாமல், வெறும் எழுத்தில் 'இன்று காலை 8 மணி' என்று போட்டுத் தேதியும் அடியும் முந்தைய ஐந்து நாள் எண்களும் நானே தினமும் பக்கத்திலேயே எழுதினேன். கோடு வரலாம், வராமல் போகலாம். எழுத்து எந்தப் பிரவுசரிலும் வரும். அதற்கப்புறம் நான் செய்த எந்த வரைபடத்துக்கும், யாருக்காகச் செய்தாலும், எண்களை மேலே எழுத்தில் வைக்காமல் இருந்ததில்லை.

அது 2018ல் கைகொடுத்தது. ஐந்து வருஷம் கழித்து ஜூலை 23 அன்று அணை திரும்ப 120 அடியைத் தொட்ட அந்த வெள்ளத்தின்போது, சித்தி மகன் ஐபோனிலிருந்து "அண்ணா, கோடு காணோம்" என்று செய்தி அனுப்பினான். சஃபாரி பிரவுசர். எல்லாருக்கும் வருகிறது, அவனுக்கு மட்டும் இல்லை. நான் தேதியை '2018-07-23 08:00' என்று நடுவில் இடைவெளி விட்டு எழுதியிருந்தேன். குரோம் அதைப் புரிந்துகொண்டது. சஃபாரி அப்போது, நடுவில் இடைவெளிக்குப் பதில் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால்தான் அதைத் தேதி என்று ஒப்புக்கொள்ளும். தேதியே இல்லாத எண்களை எந்த இடத்தில் வைத்து வரையும்? சாயங்காலத்துக்குள் சரிசெய்தேன். அதற்குள் அவன் இன்னொரு செய்தி அனுப்பியிருந்தான், "பரவால்ல, மேல இருக்கற நம்பர வச்சு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

2013ன் தாள்கள் சிலவற்றை அண்ணன் எடுத்து வைத்திருந்து எனக்குக் கொடுத்தார். டீக்கடைப் புகை ஏறிப் பழுப்பாகிவிட்டன. பிழை நடந்த அந்த வாரத்துக்குப் பிறகு ஒட்டிய ஒவ்வொரு தாளிலும் என் நீலக் கோட்டின் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளிகள் இருக்கின்றன. பெரியப்பா வைத்தவை. தினமும் குச்சியைப் பார்த்துவிட்டு வந்து, இன்றைக்கு எத்தனை அடி என்று தன் கணக்கில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் டீ குடிப்பாராம். தன் காடு முங்கிப்போன பிறகும் நிறுத்தவில்லை, மேட்டுக் காட்டுக்காரர்களுக்காக வைத்திருக்கிறார். ஆகஸ்டில் அணை நிரம்பிய தாளையும் பார்த்தேன். என் கோடு கட்டத்தின் மேல் விளிம்பில், 120ல், முட்டி நிற்கிறது. பக்கத்தில் அவர் புள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிகூட இல்லை.